ரெண்டு பேர் உட்காரும் படகு

மார்ச் மாதம் பாதுகாப்பு வாரம் வந்தால் போதும், ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளுக்கெல்லாம் திடீரென்று பக்தி முற்றிவிடும். கேட்டில் பச்சைக் கொடி, உறுதிமொழி, ஓவியப் போட்டி, ஆளுக்கொரு லட்டு. அந்த வருடம் ஒரு புதுக் கூத்தும் சேர்ந்துகொண்டது. இரண்டு வருடமாக உடம்பில் ஒரு கீறல்கூட விழாமல் வேலை செய்தவர் என்று இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் நாகப்பனைப் பிடித்து, மஞ்சள் ஹெல்மெட் மாட்டிப் படம் எடுத்து, ‘பாதுகாப்பு சாம்பியன்’ என்று கீழே எழுதி, மெயின் கேட் சுவரில் தொங்கவிட்டார்கள். அந்தச் சுவரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் ஐடி கார்டைப் பார்த்து உள்ளே விடுகிறவன் ஆபிரகாம். அவன் வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம்.

மற்ற நான்கு விரலும் போனது நாகப்பனால்தான். அது நாகப்பனுக்குத் தெரியும். ஆபிரகாமுக்குத் தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு வருடமாகத் தவித்துக்கொண்டிருந்தான்.

நாகப்பன் பிள்ளைப்பாக்கத்துக்காரன். வயது நாற்பத்து நான்கு. அப்பா நெல் போட்ட இடத்தில் இன்றைக்கு யாரோ கார் கண்ணாடி செய்கிறார்கள். அதில் அவனுக்கு ஒரு வருத்தமும் கிடையாது, சேற்றில் நிற்பதைவிட ஃபேனுக்கு அடியில் நிற்பது மேல் என்பான். முதலில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் நான்கு வருடம் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டினான். அங்கே பழகிய ஒரு பழக்கம் கையோடு வந்துவிட்டது. டேப்பை எங்கே ஒட்டினாலும் அதன் நுனியை நகத்தால் மடித்துத்தான் விடுவான். மறுபடி பிரிக்கும்போது நுனியைத் தேடிச் சுரண்ட வேண்டாம் பாருங்கள். வீட்டில் கரண்ட் வயரில் ஒட்டியிருந்தாலும், மகள் தென்றலின் பள்ளிக்கூட நோட்டு அட்டையில் ஒட்டியிருந்தாலும், நுனி மடிந்திருந்தால் அது நாகப்பன் ஒட்டியது.

மற்றபடி குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு பைத்தியம் உண்டு, தண்ணீர். ஏரி நிறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடுவான், அங்கேதான் கழுவிக்கொள்ளலாமே என்று. இதற்கு ஒரு தவளைக்கே வாக்கப்பட்டிருக்கலாம் என்பாள் அவன் பெண்டாட்டி ஜோதி.

இந்தப் பைத்தியத்துக்கு வாய்த்த கூட்டாளிதான் ஆபிரகாம். சேரப்பணஞ்சேரிக்காரன், கிணற்றில் தலைகீழாகக் குதித்து வளர்ந்தவன். இருவருக்கும் ஒரே மெஷின், நாலாம் நம்பர் பிரஸ். இவன் ஷிஃப்ட் முடிந்து இறங்கினால் அவன் ஏறுவான். பன்னிரண்டு வருடம் அந்த மெஷினைக் கைமாற்றிக் கைமாற்றியே சிநேகிதம் முற்றியது. ஒருமுறை கம்பெனி ஃபேமிலி டே என்று எல்லாரையும் கடற்கரைச் சாலையில் ஒரு படகுத்துறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேதான் முதன்முதலாகக் காயக்கைப் பார்த்தார்கள். ஒருவன் பின்னால் ஒருவன் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லிப் படகு. மற்றவர்கள் பிரியாணி வரிசையில் நிற்க, இவர்கள் இரண்டு பேரும் மூன்று மணிநேரம் தண்ணீரைவிட்டு ஏறவில்லை. ஜோதியும் ஆபிரகாமின் மனைவி லூர்து மேரியும் கரையில் நின்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

மறு மாதமே, மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து சிவப்பு நிறத்தில் ரெண்டு பேர் உட்காரும் காயக் ஒன்று நாகப்பன் வீட்டு மொட்டைமாடிக்கு வந்து சேர்ந்தது. நடுவில் லேசாக விரிசல். அதைச் சூடு வைத்து அடைத்தார்கள். துடுப்பு வழுக்காமலிருக்கக் கைப்பிடியில் நாகப்பன் டேப் சுற்றினான், நுனியை மடித்து.

எங்கே போவது? ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் ஒரு மலையடிவாரம். பாறை இடுக்கில் ஊற்று கசிந்து, ஓடையாகி, வழியில் இரண்டு மடுக்களை நிரப்பிவிட்டு, ஒரு சின்ன ஏரியில் போய் விழுகிறது. சித்திரை வெயிலிலும் அந்த ஊற்றுத் தண்ணீர் பல்லைக் கூச வைக்கும். இருவரில் யாருக்கும் ராத்திரி சி ஷிஃப்ட் இல்லாத வாரங்களில், சனிக்கிழமை மதியம் ஏ ஷிஃப்ட் முடிக்கிறவன் தெரிந்த பையனின் ‘சின்ன யானை’ லோடு வண்டியில் காயக்கை ஏற்றிக்கொண்டு முன்னால் போய், பொழுது சாய்வதற்குள் கூடாரம் அடித்துக் குழம்பு வைக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு பி ஷிஃப்ட் முடிக்கிறவன் பைக்கில் பின்னால் வந்து சேர வேண்டும். ஞாயிறு முழுக்கத் தண்ணீர்தான். மடுவில் நீச்சல், ஏரியில் காயக், பசித்தால் சோறு. ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் மீன் பிடிக்கிற ஜாதி மாதிரி அலைகிறாரே என்று லூர்து மேரி நாகப்பனைத்தான் திட்டுவாள். பேதுருவே மீன் பிடித்தவர்தானே என்பான் ஆபிரகாம். அந்த ஒரு நாளுக்காக மற்ற ஆறு நாளும் இரும்புச் சத்தத்தில் நிற்கலாம் என்றிருந்தது இருவருக்கும்.

அந்த ஆசைதான் வினையாக வந்தது.

பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் உண்டு, இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கும் டை, அதாவது தகட்டை அழுத்தும் இரும்பு அச்சு, கீழே இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் டைக்கு அடியில் இருக்காதே, அதற்காக வைத்த ஏற்பாடு. ஆனால் நாலாம் நம்பர் பழைய மெஷின். ஒரு பட்டனை அமுக்கி, மேலே டேப்பை ஒட்டிவிட்டால் மெஷின் ஏமாந்துவிடும். அப்புறம் ஒரு கையால் தகட்டை வைத்துக்கொண்டே இன்னொரு கையால் அமுக்கலாம், வேலை சரசரவென்று ஓடும். அன்றைக்குப் போட வேண்டிய உருப்படிக் கணக்கை, கவுண்ட் என்பார்கள், அதைச் சீக்கிரம் முடித்தவனுக்கு சூப்பர்வைசர் நம்பிராஜன் முன்கூட்டியே அவுட் பாஸ் போட்டுக் கொடுப்பார். டேப் சமாச்சாரம் அவருக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். ஷாப்பில் எல்லாருமே எப்போதாவது செய்ததுதான். ஷிஃப்ட் முடியும்போது பிரித்துவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

அந்தச் சனிக்கிழமை நாகப்பனுக்கு ஏ ஷிஃப்ட். வெளியே சின்ன யானைக்காரன் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான், வேறு சவாரி இருக்கிறது, ஒரு மணிக்குள் வராவிட்டால் நான் கிளம்பிவிடுவேன் என்று. நாகப்பன் டேப்பை ஒட்டினான். பன்னிரண்டே முக்காலுக்குக் கவுண்ட் முடிந்தது. பாஸை வாங்கிக்கொண்டு, தலைகால் புரியாத சந்தோஷத்தில் ஓடினான். டேப்பைப் பிரிக்கவில்லை.

இரண்டு மணிக்கு அந்த மெஷினில் ஏறியவன் ஆபிரகாம்.

நாகப்பன் அங்கே கூடாரம் அடித்தான். வழியில் வாங்கிய கெண்டை மீனைக் கழுவி, ஆபிரகாமுக்குப் பிடித்த மாதிரி மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தான். மலைக்கு அந்தப்புறம் போனில் சிக்னல் கிடையாது. பி ஷிஃப்ட் முடித்து விடிவதற்குள் வந்துவிடுவான் என்று காத்திருந்தான். விடிந்தது, வெயில் ஏறியது, ஆளைக் காணோம். ஓ.டி. கொடுத்திருப்பார்கள், பல்லை இளித்துக்கொண்டு நின்றிருப்பான் என்று வாய்க்கு வந்தபடி திட்டினான். தனியாகவே மடுவில் குதித்து நீந்தினான். தனியாகவே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டான். அது ருசியாக வேறு இருந்தது. பின்னாளில் அவனை அதிகம் உறுத்தியது அந்த ருசிதான்.

மூன்று மணிக்கு மலைக்கு இந்தப்புறம் இருந்த டீக்கடைப் பக்கம் வந்ததும் போன் துடிக்க ஆரம்பித்தது. முப்பத்தொரு மிஸ்டு கால். எடுத்ததும் லூர்து மேரி அழவில்லை. நேற்று சாயங்காலம் ஐந்தரைக்கு விரல்கள் போய்விட்டன, ஒட்ட வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்றாள். “நீ வந்துட்டியா நாகப்பாண்ணே, உன்னத்தான் கேட்டுகினே கீறாரு,” என்றாள். எப்படி ஆனது என்று நாகப்பன் கேட்கவே இல்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது.

நான்கு நாள் கழித்து விசாரணை வைத்தார்கள். ஒவ்வொருவனாக ட்ரெயினிங் ரூமுக்குள் கூப்பிட்டார்கள். வலது பட்டனில் டேப் ஒட்டியது யார் தெரியுமா என்று கேட்டார்கள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் நாகப்பன் உள்ளே போனான். நாற்காலியில் உட்கார்ந்ததும் வீடு நினைவுக்கு வந்தது, தென்றலின் காலேஜ் நினைவுக்கு வந்தது, வேலை போனால் இந்த வயதில் எவன் எடுப்பான் என்பது நினைவுக்கு வந்தது. ஆபிரகாம் நினைவுக்கு வந்தபோது வாய் ஏற்கனவே திறந்துவிட்டது. தெரியாது சார் என்றான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து ஆபிரகாமிடமும் கேட்டார்கள். நான்தான் ஒட்டினேன் என்று சொல்லி, இடது கைப் பெருவிரலை உருட்டிக் கொடுத்துவிட்டான். கம்பெனிக்கு அதுதானே வேண்டும். ஆபரேட்டர் தவறு என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டு, கருணை காட்டுவதுபோல் அவனைக் கேட்டில் உட்கார வைத்தார்கள். மயக்கத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் சொல்லியிருப்பான், அல்லது மிரட்டி வாங்கியிருப்பார்கள் என்று நாகப்பன் தன் மனசுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். இப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்கிறவனைப் பார்த்தால் எனக்குக் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. என்ன செய்வது, நாகப்பன் கெட்டவன் இல்லை, பயந்தவன்.

காயக்கை விற்றுவிடலாம் என்றுதான் அவன் நினைத்தான். ஆனால் கட்டுப் பிரித்த மூன்றாம் மாதம் ஆபிரகாமே வாசலில் வந்து நின்றான். “இன்னா மச்சான், படகு மேல காக்கா குந்திகினு கீது. கெளம்பு,” என்றான்.

துடுப்பைப் பிடிக்க முடியாது. அதனால் முன்னால் உட்கார்ந்துகொண்டான், நாகப்பன் பின்னால் உட்கார்ந்து ஒருவனே துடுப்புப் போட்டான். மடுவில் இறங்கும்போதுதான் எப்படி நீந்தப் போகிறானோ என்று நாகப்பன் பதைத்தான். ஆபிரகாம் இடது கையாலும் இரண்டு காலாலும் தண்ணீரைத் தள்ளி, கோணல் மாணலாகப் போய், எதிர்ப்பாறையைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கேட்டில் அவன் கையை எப்போதும் பாக்கெட்டுக்குள்தான் வைத்திருப்பான். கோயிலில் துண்டால் மூடிக்கொள்வான். தண்ணீருக்குள் மட்டும் கையை அதன் போக்கில் விட்டுவிடுவான். அங்கே அவனுக்கு அந்தக் கை ஒரு குறையாகவே தெரியவில்லை. அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நாகப்பன் முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொள்வான்.

நாகப்பன் அதற்குப் பிறகு டேப்பைத் தொடவில்லை. துடுப்பில் சுற்றியிருந்ததைப் பிரித்து எறிந்துவிட்டுப் பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றினான். டேப் என்னவாயிற்று என்று ஆபிரகாம் ஒருநாளும் கேட்கவில்லை. இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

அப்புறம்தான் அந்தப் போட்டோ வந்தது. தினம் காலை ஐந்தே முக்காலுக்கு நாகப்பன் கேட்டுக்குள் நுழையும்போது, மேலே அவன் மஞ்சள் ஹெல்மெட்டில் சிரித்துக்கொண்டிருப்பான், கீழே ஆபிரகாம் உட்கார்ந்திருப்பான். கார்டைக் காட்ட வேண்டிய அவசியமெல்லாம் நாகப்பனுக்கு என்றைக்குமே கிடையாது. “போடா சாம்பியன்,” என்று கேட்டின் குறுக்குக் கம்பியைத் தூக்கிவிடுவான் ஆபிரகாம். கேலிதான். ஆனால் நாகப்பன் சோறு தின்பதை நிறுத்திவிட்டான். போட்டோவை எடுத்துவிடச் சொல்லி நம்பிராஜனிடம் கெஞ்சிப் பார்த்தான். வெட்கப்படாதே என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார் அவர். பதினேழு நாள் பொறுத்தான். பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஏரியின் நடுவில், துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சொன்னான்.

“ஆபிரகாமு. அந்த டேப்பு நான் ஒட்டுனதுடா. பிரிக்க மறந்துட்டு வந்துட்டேன்.”

முன்னால் உட்கார்ந்திருந்தவன் திரும்பவில்லை. அவன் முதுகும், லைஃப் ஜாக்கெட்டின் கிழிந்த பட்டையும்தான் நாகப்பனுக்குத் தெரிந்தது.

“தெரியும்,” என்றான்.

கொஞ்ச நேரம் படகு தானாக நகர்ந்தது.

“எப்பலேர்ந்து?”

“அன்னிக்கு ரெண்டு மணிக்கு மெஷின்ல ஏறுனதுமே தெரியும். நுனிய மடிச்சி ஒட்டறவன் அந்த ஷாப்புல வேற எவன் கீறான்? பிரிக்கத்தான் கைய வெச்சேன். அப்புறம் நெனச்சேன், நீ அங்க குழம்பு வெச்சிகினு குந்தினு இருப்ப, ஏழு மணிக்கெல்லாம் கவுண்ட முடிச்சா அது ஆறதுக்குள்ள வந்துடலாமேன்னு. பிரிக்காத உட்டுட்டேன்.”

நாகப்பன் அழ ஆரம்பித்துவிட்டான். அப்படியானால் நீ ஒட்டியதாக ஏன் சொன்னாய் என்று அழுகைக்கு நடுவில் கேட்டான்.

“சொல்லாத இன்னா பண்ணுவேன்? உன்னிய வேலைய உட்டுத் தூக்கிட்டா என் வெரலு மொளச்சிடுமா? கையும் போயி, நீயும் போயி, ஞாயித்துக்கெழம நான் எங்க போறது?” ஆபிரகாமின் குரலில் கோபமே இல்லை. “ஆனா உன்னியும் ரூமுக்குள்ள கூப்ட்டாங்க இல்ல, அப்ப நீ சொல்லுவேன்னு நெனச்சேன் மச்சான். சொல்லியிருந்தாலும் இல்லேன்னுதான் நான் சாதிச்சிருப்பேன். இருந்தாலும் நீ சொல்லுவேன்னு நெனச்சேன்.”

நாகப்பன் கை நீட்டி அவன் தோளைத் தொட்டான். ஆபிரகாம் தோளை நகர்த்திக்கொண்டான், லேசாகத்தான்.

“நீ சொல்லாத இருந்த, நானும் கேக்காத இருந்தேன். அதுலதான் இந்தப் படகு ஓடினு இருந்துச்சி. தண்ணியில எறங்கினா எனக்கு அந்த நெனப்பே வராது. இப்ப எதுக்குடா சொன்ன? எனக்கோசரமா சொன்ன? அந்தப் போட்டோ உன்னிய உறுத்துது, எறக்கி வெச்சிட்ட. உனக்கு ஆயிடுச்சி. இனிமே நான் முன்னால குந்தினா முதுகுக்குப் பின்னால அந்த டேப்புதான் குந்தினு இருக்கும். ஒண்ணா எப்படிடா குந்தறது, நீயே சொல்லு.”

மன்னித்துவிடு என்ற வார்த்தை நாகப்பனின் வாய்வரை வந்தது. அதையும் தனக்காகத்தான் கேட்கப்போகிறோம் என்று தோன்றியதும் விழுங்கிவிட்டான்.

ஆபிரகாம் படகின் விளிம்பில் இடது கையை ஊன்றி, சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கினான். கோணலாகக் காலை உதைத்துக் கரையைப் பார்த்து நீந்தினான். திரும்பிப் பார்க்கவில்லை. நாகப்பன் பின்னாலேயே துடுப்புப் போட்டு வரப் பார்த்தான். முன்னால் ஆள் இல்லாததால் படகின் மூக்கு தூக்கிக்கொண்டது. துடுப்புப் போடப் போட, நேராகப் போகாமல் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி நின்றது. அவன் கரை சேர்ந்தபோது ஆபிரகாம் சட்டையை மாட்டிக்கொண்டு, வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டு நின்றான்.

திரும்பும்போது அதே சின்ன யானைதான். எப்போதும் இருவரும் பின்னால் காயக்கின்மேல் சாய்ந்துகொண்டு, காலைத் தொங்கவிட்டுப் பேசிக்கொண்டே வருவார்கள். அன்றைக்கு ஆபிரகாம் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டான். நாகப்பன் ஊத்துக்கோட்டை, திருவள்ளூர், சுங்குவார்சத்திரம் என்று வழி முழுக்கக் காயக்கைப் பிடித்துக்கொண்டு தனியாக வந்தான். சேரப்பணஞ்சேரியில் இறங்கியதும் ஆபிரகாம் எப்போதும் வண்டியைக் கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவான். அன்றைக்குத் தட்டவில்லை.

இரவில் ஜோதியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் பாயை விரித்துக்கொண்டே, “அன்னிக்கே சொல்லியிருக்கணும், இல்லன்னா சாவற வரைக்கும் சொல்லியிருக்கக் கூடாது,” என்றாள்.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்கால். மேலே போட்டோ இருந்தது, கீழே ஆபிரகாம் இருந்தான். கம்பி இறங்கியிருந்தது. நாகப்பன் போய் நின்றான். கம்பி தூக்கப்படவில்லை.

“ஐடி கார்டு காட்டுங்க,” என்றான் ஆபிரகாம்.

நாகப்பன் சட்டைப் பையைத் தடவினான், பேன்ட் பையைத் தடவினான். கேட்டில் உட்கார்ந்த இரண்டு வருடத்தில் அவன் கார்டைக் கேட்டதே இல்லையே, எங்கே வைத்தோம் என்றுகூடத் தெரியவில்லை. டிபன் பைக்குள் அடியில் கிடந்தது. எடுத்து நீட்டினான். ஆபிரகாம் இடது கையால் வாங்கி, கார்டில் இருந்த படத்தைப் பார்த்தான். அப்புறம் நாகப்பன் முகத்தைப் பார்த்தான். எல்லாரையும் பார்ப்பதுபோல, சரிதானா என்று பார்த்தான். கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கம்பியைத் தூக்கினான்.

பின்னால் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். நாகப்பன் நகராமல் நின்றான்.

“அடுத்த ஆளு வாங்க,” என்றான் ஆபிரகாம்.